ரொறன்ரோவில் நகரசபை உறுப்பினராவது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கான வழிகாட்டி

கனடாவுக்கு வந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆனவர்களிடம் பிரதமர் யார் என்று கேட்டால் உடனே சொல்வார்கள். உங்கள் வட்டாரத்தின் நகரசபை உறுப்பினர் யார் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் யோசிப்பார்கள். பனி அகற்றும் வண்டி வீட்டு வாசலில் தள்ளிவிட்டுப் போன பனிமேடு, அரை மணி நேரமாகியும் வராத பஸ், பக்கத்துக் காணியில் எழப்போகும் உயர்மாடிக் கட்டடம், பிள்ளையை நீச்சல் வகுப்பில் சேர்க்க இடம் கிடைக்காத கவலை, இத்தனைக்கும் நாம் முதலில் தேடிப்போக வேண்டியவர் அவர்தான். அந்தப் பொறுப்பை ஒருநாள் தாமே ஏற்க விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரொறன்ரோவையே எடுத்துக்கொள்கிறேன். நான் வாழ்வதும், தேர்தல் காலங்களில் தொண்டராகக் கதவு தட்டித் திரிவதும் இங்கேதான்.

இந்த வேலைக்கான பாதை வேட்புமனுவில் தொடங்குவதில்லை. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, குடியுரிமை கிடைப்பதற்கும் முன்பே தொடங்கலாம். வீதி வீதியாக ஊர்ப் பிரச்சினைகளை எடுத்துப்போய்ப் பழகியவரை வாக்காளருக்கு அடையாளம் தெரியும். தேர்தலுக்கு ஆறு மாதம் இருக்கும்போது புதிதாக முளைத்தவரையும் அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

முதலில் சபையை விளங்கிக்கொள்ளுங்கள்

இன்றைய ரொறன்ரோ 1998 ஜனவரி 1 அன்று உருவானது. அதுவரை தனித்தனி நகரசபைகளாக இருந்த ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ட் யோர்க், பழைய ரொறன்ரோ ஆகிய ஆறையும் ஒன்ராறியோ மாகாண அரசு ஒன்றாக இணைத்தது. இப்போது 25 வட்டாரங்கள் இருக்கின்றன. வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர், நகரம் முழுவதற்கும் ஒரு மேயர், ஆக மொத்தம் 26 வாக்குகள். 2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி நகரில் வாழ்வோர் 27 இலட்சத்து 94 ஆயிரம் பேர். ஒரு வட்டாரத்துக்குச் சராசரியாக ஒரு இலட்சத்துப் பதினோராயிரம் பேருக்கு மேல் வருகிறது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் தொகுதிக்குச் சமமான மக்கள்தொகை இது. ஆனால் நாடாளுமன்ற உறுப்பினரைத் தேடி யாரும் குப்பைத்தொட்டி உடைந்துவிட்டது என்று வருவதில்லை.

இந்த எண்ணிக்கை வந்த கதையை ஒவ்வொரு வேட்பாளரும் அறிந்திருக்க வேண்டும். 2018 தேர்தலில் 47 வட்டாரங்கள் இருக்கவேண்டும் என்று சபை முடிவுசெய்திருந்தது. பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே மாகாண அரசு சட்டம் இயற்றி அதை 25 ஆகக் குறைத்தது. நகரம் வழக்குத் தொடுத்தது. 2021 ஒக்ரோபர் 1 அன்று கனடிய உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் மாகாணத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நகரசபை என்பது மாகாணச் சட்டத்தால் அமைக்கப்பட்டது, அதே சட்டத்தால் மாற்றப்படக்கூடியது. உங்கள் கனவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த வரம்புக்குள்தான் வேலை செய்யவேண்டும்.

நகரத்தின் கையில் இருப்பவை: உள்ளூர் வீதிகள், குடிநீர், குப்பை, பொதுப் போக்குவரத்து, தீயணைப்பு, அவசர மருத்துவ ஊர்தி, நூலகம், பூங்கா, பொதுச் சுகாதாரம், வீடற்றோர் தங்குமிடம், எந்தக் காணியில் என்ன கட்டலாம் என்ற விதிகள். பொலிஸுக்கான பணத்தையும் நகரமே தருகிறது, ஆனால் அதை நிர்வகிப்பது தனியான ஒரு சபை. மருத்துவமனை, பாடத்திட்டம், குடிவரவு ஆகியவை நகரத்தின் கையில் இல்லை. "ஸ்பொன்சர் வழக்கை விரைவாக்கித் தாருங்கள்" என்று கேட்டு வருபவரை நாடாளுமன்ற உறுப்பினரிடம் அனுப்பத் தெரிந்திருப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதியே.

நகரசபைத் தேர்தலில் கட்சிகள் இல்லை. வாக்குச்சீட்டில் உங்கள் பெயர் மட்டுமே இருக்கும். யார் எந்தப் பக்கம் சாய்பவர் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தாலும், கட்சிக் கொறடாவின் உத்தரவு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஆதரவை நீங்களே திரட்டவேண்டும். 2022 முதல் மேயருக்கு மாகாணம் கூடுதல் அதிகாரம் வழங்கியிருக்கிறது. வரவுசெலவுத் திட்டத்தை முன்வைப்பவர் மேயர்தான். சில விடயங்களில் சபையின் முடிவை அவர் தடுத்துவைக்கலாம். அந்தத் தடையை மீற மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 18 வாக்குகள் தேவை.

இன்னொன்று, புதிதாகத் தெரிவாகும் பலரை ஏமாற்றமடையச் செய்வது: தனியொரு உறுப்பினர் நகர ஊழியர் எவருக்கும் உத்தரவிட முடியாது. உத்தரவிடும் அதிகாரம் சபைக்கே உரியது. உறுப்பினர் கேட்கலாம், வற்புறுத்தலாம், தீர்மானம் கொண்டுவரலாம். வெற்றிபெற்றவுடன் நினைத்ததையெல்லாம் செய்துவிடலாம் என்று மேடையில் வாக்குறுதி தருகிறவர் இந்த வேலையை அறியாதவர்.

குடியுரிமைக்கு முன்: 311 எண்ணில் தொடங்குங்கள்

வாக்களிக்கவும் போட்டியிடவும் கனடியக் குடியுரிமை வேண்டும். நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர் இரண்டையும் செய்ய முடியாது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஐந்து ஆண்டுகளுக்குள் 1,095 நாட்கள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தை வீணாக்காதீர்கள். செய்வதற்கு நிறைய இருக்கிறது.

முதல் வேலை மிக எளியது. நகரச் சேவைகள் பற்றி முறையிடுவதற்கான 311 என்ற எண்ணை அழையுங்கள். வீதிக்குழி, எரியாத போக்குவரத்து விளக்கு, எடுக்கப்படாத குப்பை, எதுவாக இருந்தாலும் முறையிட்டவுடன் ஒரு கோரிக்கை எண் தருவார்கள். அதை ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். உரிய காலத்தில் வேலை நடக்கவில்லையென்றால், அந்த எண்ணையும் தேதியையும் இரண்டு படங்களையும் வைத்து உறுப்பினரின் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். "எங்கள் வீதியை யாரும் கவனிப்பதில்லை" என்ற மின்னஞ்சலுக்கும், "இன்ன எண், இன்ன தேதி, மூன்று வாரமாகிவிட்டது, பாடசாலை வாசலில் இருக்கிறது" என்ற மின்னஞ்சலுக்கும் கிடைக்கும் பதில் வேறு வேறு. அலுவலகத்தில் இருக்கும் உதவியாளருக்கு இரண்டாவது மின்னஞ்சலை அப்படியே உரிய திணைக்களத்துக்கு அனுப்பிவிட முடிகிறது.

அடுத்து, உங்கள் மாடிக்குடியிருப்பில் ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் அம்மாக்களுக்காகவும் இதைச் செய்யுங்கள். அவர்கள் தமிழராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஒரே கட்டடத்தில் பத்துப் பேருக்கு உதவியவரை அந்தக் கட்டடம் முழுவதும் நினைவில் வைத்திருக்கும்.

குழுவின் முன் பேசுங்கள்

எனக்குத் தெரிந்தவரை, புதியவர் ஒருவர் நகர அரசியலைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. முழுச்சபைக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச முடியாது, பார்க்க மட்டுமே முடியும். ஆனால் சபைக்கு விடயங்கள் வருவதற்கு முன் அவற்றை ஆராயும் குழுக்களில் எவரும் பேசலாம். திட்டமிடலுக்கும் வீட்டுவசதிக்கும் ஒரு குழு, வீதிகளுக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஒரு குழு என்று இருக்கின்றன. அவற்றோடு எற்றோபிக்கோ-யோர்க், நோர்த் யோர்க், ஸ்காபரோ, ரொறன்ரோ-ஈஸ்ட் யோர்க் என நான்கு சமூகசபைகளும் இருக்கின்றன. உள்ளூர்த் தரிப்பிட விதி, வேலி, மரம், புதிய கட்டடம் போன்றவை இங்கேதான் முதலில் வருகின்றன. பேச வருபவரிடம் யாரும் குடியுரிமைப் பத்திரம் கேட்பதில்லை.

ஸ்காபரோ சமூகசபை கூடும் நகர மண்டபத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். ரேமண்ட் மொரியாமா வடிவமைத்து 1973இல் திறக்கப்பட்ட வெண்ணிறக் கட்டடம் அது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காகவே முகாமில் அடைக்கப்பட்ட குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த சிறுவன், வளர்ந்து எல்லாரும் வந்து பேசக்கூடிய ஒரு மண்டபத்தைக் கட்டிக்கொடுத்தார் என்பதை அங்கே போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

செய்முறை இதுதான். நிகழ்ச்சி நிரல் சில நாட்கள் முன்பே நகரத்தின் இணையதளத்தில் வந்துவிடும். உங்களைத் தொடும் விடயத்தைத் தேடி, அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, பேச விரும்புவதாகக் குழுவின் செயலாளருக்கு எழுதுங்கள். நேரிலோ காணொளி வழியாகவோ பேசலாம். வழக்கமாக ஐந்து நிமிடம் தருவார்கள். பேச்சாளர் பட்டியல் நீண்டால் மூன்று நிமிடமாகக் குறைத்துவிடுவார்கள். ஆகவே மூன்று நிமிடத்துக்கே தயாராகுங்கள். முதல் வாக்கியத்தில் நீங்கள் யார், எங்கே வசிக்கிறீர்கள். இரண்டாவதில் என்ன வேண்டும். அதன்பிறகே காரணம். "காலை எட்டு மணிக்கு மகளை அழைத்துக்கொண்டு இந்தச் சந்தியைக் கடக்கிறேன். நடப்பவர்களுக்கான விளக்கு எரியும் நேரத்துக்குள் என் தாயாரால் பாதி வீதியைத்தான் தாண்ட முடிகிறது" என்று சொல்லுங்கள். உறுப்பினர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பாதுகாப்பின் முக்கியத்துவம் பற்றிப் பொதுவாகப் பேசினால் அவர்கள் பார்வை தாள்களுக்குத் திரும்பிவிடும். பேசி முடித்ததும் அவர்கள் கேள்வி கேட்கலாம். அந்தக் கேள்விக்காகவே ஒரு புள்ளிவிவரத்தைக் கையில் வைத்திருங்கள். எழுத்தில் கொடுப்பது பொது ஆவணமாக இணையத்தில் இருக்கும் என்பதால் வீட்டு முகவரியை அதில் எழுதாதீர்கள்.

ஐந்து நிமிடப் பேச்சால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. அறைகளைத் தனித்தனியாக வாடகைக்கு விடும் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்த மாணவரும் தொழிலாளரும் பலர் முதலில் தங்குவது அப்படியான வீடுகளில்தான். ஸ்காபரோவிலும் நோர்த் யோர்க்கிலும் ஈஸ்ட் யோர்க்கிலும் அவற்றுக்கு நெடுங்காலம் அனுமதியே இல்லை. அதனால் தீப்பாதுகாப்புச் சோதனையும் இல்லை. முறையிட்டால் குடியிருப்பவரே வெளியேற நேரும் என்ற அச்சமும் இருந்தது. பல ஆண்டுகள் குழுவறைகளில் இழுபட்ட இந்த விடயத்தை 2022 டிசம்பரில் சபை ஏற்றுக்கொண்டது. 2024 மார்ச் 31 முதல் நகரம் முழுவதும் உரிமத்தோடு இவற்றை நடத்தலாம். இதை எதிர்த்து வீட்டுச் சொந்தக்காரர்களும், ஆதரித்து வாடகைக்கு இருப்பவர்களும் பேசினார்கள். வாக்குரிமை இல்லாதவர்களின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் விவாதத்தில் அவர்களுடைய குரலும் பதிவாகும் இடம் இந்தக் குழுவறை. அதனால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

உள்ளே நுழையும் வழிகள்

நகரத்தின் பல்வேறு சபைகளுக்கும் ஆலோசனைக் குழுக்களுக்கும் பொதுமக்களிலிருந்து ஆட்களை நியமிக்கிறார்கள். பலவற்றுக்கு நகரில் வசிப்பதும் 18 வயது நிரம்பியிருப்பதுமே அடிப்படைத் தகுதி. விண்ணப்பியுங்கள்.

உறுப்பினரின் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்வது இன்னொரு வழி. போர்த்துக்கல்லில் இருந்து பதினைந்து வயதில் வந்த அனா பைலாவ் இப்படித்தான் ஓர் உறுப்பினரின் அலுவலகத்தில் பணியாற்றித் தொழில் கற்றார். 2010இல் தெரிவாகி, துணை மேயர் வரை உயர்ந்தார். தொலைபேசியை எடுக்கும் அந்த மேசையில்தான் வட்டாரத்தின் முழு வரைபடமும் மனத்தில் பதியும்.

மூன்றாவது, பாடசாலைகளை நிர்வகிக்கும் கல்விச்சபை. ஹொங்கொங்கில் இருந்து பதின்மூன்று வயதில் வந்த ஒலிவியா சௌ 1985இல் கல்விச்சபை உறுப்பினரானார். பிறகு நகர அரசியல், நாடாளுமன்றம் என்று போய், 2023 ஜூன் 26 அன்று 102 பேர் போட்டியிட்ட இடைத்தேர்தலில் மேயரானார். நம்மவர்களில் நீதன் சாணும் பார்த்தி கந்தவேளும் கல்விச்சபை வழியாக நகரசபைக்கு வந்தவர்களே. ஆனால் இப்போது ஒரு எச்சரிக்கை தேவை. 2025 ஜூனில் மாகாண அரசு ரொறன்ரோவின் பொதுக் கல்விச்சபையையும் கத்தோலிக்கக் கல்விச்சபையையும் மேற்பார்வையாளரின் கீழ் கொண்டுவந்துவிட்டது. உறுப்பினர்களின் அதிகாரம் பெரும்பாலும் பறிபோயிற்று. இந்தப் படிக்கட்டு முன்போல் உறுதியாக இல்லை என்பதை மனத்தில் வைத்து முடிவெடுங்கள்.

வேறொருவரின் பிரசாரத்தில் தொண்டராக ஒரு முழுப் பருவம் வேலை செய்யுங்கள். குடியுரிமை தேவையில்லை. ஒன்ராறியோவில் வழமையாக வசிப்பவர் என்றால் நன்கொடையும் கொடுக்கலாம்.

வேட்புமனு, பணம், சட்டம்

தேர்தல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒக்ரோபர் மாதத்தின் நான்காவது திங்கட்கிழமை. 2026இல் அது ஒக்ரோபர் 26. வேட்புமனுவை மே மாதத் தொடக்கத்தில் இருந்து ஏற்பார்கள். ஆகஸ்ட் மூன்றாவது வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணியோடு முடிந்துவிடும். கனடியக் குடியுரிமை, 18 வயது, ரொறன்ரோவில் வசிப்பது அல்லது இங்கே சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் வைத்திருப்பது ஆகியவை தகுதிகள். நீங்கள் போட்டியிடும் வட்டாரத்திலேயே வசிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் கதவைத் திறப்பவர் முதலில் கேட்பது அதைத்தான். கட்டணம் 100 டொலர், மேயர் பதவிக்கு 200. வாக்களிக்கத் தகுதியுள்ள 25 பேரின் கையொப்பமும் வேண்டும். முப்பத்தைந்து பேரிடமாவது வாங்குங்கள். நல்லெண்ணத்தோடு கையொப்பமிட்ட ஒருவர் இன்னும் குடியுரிமை பெறாதவர் என்று பின்னர் தெரியவருவது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது. நகர ஊழியராக இருந்தால் மனுத்தாக்கலுக்கு முன்பே சம்பளமில்லாத விடுப்புப் பெறவேண்டும்.

பணத்தைப் பற்றிச் சற்று நிதானமாகப் பார்ப்போம், நல்லவர்கள் சிக்கலில் மாட்டும் இடம் இது. மனுத்தாக்கல் செய்வதற்கு முன் ஒரு டொலர்கூட வாங்கக்கூடாது, செலவழிக்கக்கூடாது. பிரசாரத்துக்கென்று தனியான வங்கிக் கணக்கு திறந்த பிறகே நன்கொடை ஏற்கலாம். ஒருவர் ஒரு வேட்பாளருக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்சம் 1,200 டொலர். 25 டொலருக்கு மேற்பட்டதை ரொக்கமாக வாங்கக்கூடாது. நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் கொடுக்கவே முடியாது. செலவு உச்சவரம்பு 5,000 டொலரோடு வாக்காளர் ஒருவருக்கு 85 சதம். 70,000 வாக்காளர்கள் உள்ள வட்டாரத்தில் இது 64,500 டொலர் ஆகிறது. நீங்களும் உங்கள் துணையும் சேர்ந்து போடக்கூடிய சொந்தப் பணத்துக்கும் வரம்பு உண்டு: 5,000 டொலரோடு வாக்காளர் ஒருவருக்கு 20 சதம். அதே வட்டாரத்தில் 19,000.

இப்போது நடைமுறைக்கு வருவோம். உங்களுக்கு நெருங்கிய ஒருவர் உணவகம் வைத்திருக்கிறார். "தம்பி, தொண்டர்களுக்கு மதியச் சாப்பாடு நான் அனுப்புகிறேன், காசு ஒன்றும் வேண்டாம்" என்கிறார். அன்போடு சொல்வதால் மறுக்க மனம் வராது. ஆனால் உணவகம் நிறுவனமாகப் பதியப்பட்டிருந்தால் அந்தச் சாப்பாடு சட்டவிரோத நன்கொடை. தம் சொந்தப் பணத்தில் தருகிறார் என்றாலும் அதன் சந்தை விலை அவருடைய 1,200 டொலர் கணக்கில் சேரும், பற்றுச்சீட்டும் எழுதவேண்டும். அச்சகக்காரர் தரும் விலைக்கழிவு, மண்டபத்தின் இலவச வாடகை எல்லாம் இப்படித்தான். தொண்டர் சம்பளமின்றிச் செய்யும் உழைப்பு மட்டும் நன்கொடையாகக் கருதப்படாது. "அண்ணா, விலைச்சீட்டு தாருங்கள், பிரசாரக் கணக்கில் இருந்து கட்டுகிறேன்" என்று முதல் நாளே சொல்லிப் பழகுங்கள். யாரும் கோபிக்கமாட்டார்கள். கணக்கு வைப்பதற்கென்றே பொறுமையான ஒருவரைத் தேடிப்பிடியுங்கள். மேடையில் உங்களைப் புகழ்பவரைவிட அவர் முக்கியமானவர்.

கதவு கதவாக

2022 தேர்தலில் ரொறன்ரோவில் வாக்களித்தவர்கள் முப்பது சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அப்படியான தேர்தலில் வெற்றி என்பது வாக்குச்சாவடிக்கு வருவோரைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. விழாக்களில் எடுக்கும் படங்கள் வாக்காக மாறுவதில்லை. மார்க்கம் வீதியில் நடக்கும் தமிழர் தெருவிழாவுக்குப் போகவேண்டாம் என்று சொல்லவில்லை, போங்கள். ஆனால் அங்கே கைகொடுத்த ஆயிரம் பேரில் உங்கள் வட்டாரத்தில் வசிப்பவர்கள் சிலரே.

ஒரு பெரிய மாடிக்கட்டடத்தை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். வேட்பாளரும் தொண்டர்களும் காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை அடுக்குமாடிக் கட்டடங்களுக்குள் சென்று வாக்குக் கேட்கலாம். சட்டம் தரும் உரிமை அது. வரவேற்பு மேசையில் தடுத்தால் அந்தச் சட்டப்பிரிவின் பிரதியை மரியாதையாகக் காட்டுங்கள். மின்தூக்கியில் உச்சிமாடிக்குப் போய், படிக்கட்டு வழியாக ஒவ்வொரு மாடியாக இறங்கி வாருங்கள். கதவைத் தட்டிவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நில்லுங்கள். கதவுக்கண் வழியாகப் பார்ப்பவருக்கு உங்கள் முகம் முழுதாகத் தெரியவேண்டும். பெயர், பதவி, ஒரு கேள்வி: "இந்தக் கட்டடத்தைச் சுற்றி எதை மாற்றவேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" பிறகு கேளுங்கள். போகும்போது ஆதரவு, எதிர்ப்பு, தயக்கம் என்பதைப் பட்டியலில் குறித்துவிட்டே அடுத்த கதவுக்குச் செல்லுங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் தேர்தல் நாளன்று யாரை அழைத்து வாக்களிக்க நினைவூட்டுவது?

தமிழ் வீட்டுக் கதவு திறந்தால் "எந்த ஊர், தம்பி? யாருடைய மகன்?" என்று தொடங்கித் தேநீர் வரை போகும். மனம் நிறையும் தருணம் அது. ஆனால் அந்த இருபது நிமிடத்தில் பத்துக் கதவுகள் தட்டப்படாமல் போகின்றன. பிறகு வருவதாகச் சொல்லி எண்ணை வாங்கிக்கொண்டு நகருங்கள். தமிழர் அதிகம் வாழும் வட்டாரத்திலும் நாம் சிறுபான்மையே. பிலிப்பினோத் தாதி, கரிபியன் பஸ் சாரதி, குஜராத்திக் கடைக்காரர், நாற்பது ஆண்டுகளாக அதே வீட்டில் வாழும் கிரேக்கப் பாட்டி, இவர்களின் நம்பிக்கையைப் பெறாதவர் ரொறன்ரோவில் எந்த வட்டாரத்திலும் வெல்ல முடியாது. அதுவே சரியும்கூட. வென்றபின் நீங்கள் அவர்கள் எல்லாருக்கும் உறுப்பினர்.

தனியார் காணியில் பதாகை நடுவது தேர்தலுக்கு 25 நாட்கள் முன்புதான். அதற்கு முன் நடாதீர்கள்.

வென்ற பிறகு

2025இல் சபை தன் உறுப்பினர்களின் ஆண்டுச் சம்பளத்தை சுமார் 1,70,000 டொலராக உயர்த்திக்கொண்டது. அந்த முடிவு கடும் விமர்சனத்துக்கும் உள்ளானது. என் கருத்து, வசதி படைத்தவர் மட்டுமே ஏற்கக்கூடிய பதவியாக இது இருக்கக்கூடாது. கிழமையில் ஏழு நாளும் அழைப்பு வரும். சபைக்கூட்டம் மூன்று நாட்கள் இரவுவரை நீளும். வார இறுதி முழுவதும் நிகழ்ச்சிகள். பிள்ளைகளுடன் இருக்கும் நேரத்தை நாட்குறிப்பில் முன்கூட்டியே எழுதி ஒதுக்கினால்தான் கிடைக்கும்.

சபைக்கூட்டத்தின் தொடக்கத்தில் நிகழ்ச்சி நிரலை வாசிக்கும்போது, விவாதிக்க விரும்பும் விடயங்களை உறுப்பினர்கள் பிடித்துவைப்பார்கள். யாரும் பிடிக்காதவை மொத்தமாக நிறைவேறிவிடும். முந்தைய இரவே வாசித்து முடிக்காதவருக்கு எதைப் பிடிப்பது என்று தெரியாது. ஒரு வாக்கு என்ன செய்யும் என்பதற்கு ஸ்காபரோ நல்ல சாட்சி. சபை இன்றைவிடப் பெரிதாக இருந்த 2013 ஒக்ரோபரில், இலகு ரயில் திட்டத்தைக் கைவிட்டு நிலக்கீழ் ரயிலைத் தேர்ந்தெடுத்த தீர்மானம் 24க்கு 20 என்ற கணக்கில் நிறைவேறியது. இரண்டு பேர் மாறி வாக்களித்திருந்தால் முடிவு வேறு. அந்த நிலக்கீழ் ரயில் வருவதற்கு முன்பே, 2023 ஜூலை 24 அன்று பழைய ஸ்காபரோ ரயில் தடம்புரண்டு, பின்னர் நிரந்தரமாக மூடப்பட்டது. இன்றுவரை மக்கள் பஸ்ஸில் போகிறார்கள். குளிர்காலத்தில் தரிப்பிடத்தில் நிற்பவருக்கு அந்த 24க்கு 20 என்ற கணக்கு வெறும் வரலாறு அல்ல.

உங்களுக்குப் பணத்தொடர்புள்ள விடயம் வந்தால் கூட்டத்திலேயே அறிவித்துவிட்டு, விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளாமல் விலகுங்கள். ரொப் ஃபோர்ட் உறுப்பினராக இருந்தபோது, பதவியின் கடிதத்தாளில் எழுதித் தம் விளையாட்டு அறக்கட்டளைக்குத் திரட்டிய 3,150 டொலரைத் திருப்பிக்கொடுக்கச் சபை பணித்தது. மேயரான பிறகு அதே விடயத்தில் அவர் பேசி வாக்களித்தார். 2012 நவம்பரில் நீதிபதி ஒருவர் அவரைப் பதவி நீக்க உத்தரவிட்டார். மேன்முறையீட்டில்தான் பதவி தப்பியது. தொகை சிறிதென்று எண்ணாதீர்கள். ஐயம் வந்தால் நகரத்தின் நேர்மை ஆணையரிடம் எழுத்தில் ஆலோசனை கேட்கலாம். அந்தச் சேவை உங்களுக்காகவே இருக்கிறது.

இந்தப் பதவியில் இருந்து எங்கே போகலாம்? சிலர் முப்பது ஆண்டுகள் இதிலேயே நிறைவாக இருந்திருக்கிறார்கள். டேவிட் மில்லர் மேயரானார். ஜாக் லேற்றன் புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவரானார். ஒரு தவணை உறுப்பினராக இருந்த டக் ஃபோர்ட் மாகாண முதல்வரானார். அயல் நகரமான மார்க்கத்தில் உறுப்பினராக இருந்த லோகன் கணபதி மாகாணசபைக்கும், யுவனிதா நாதன் நாடாளுமன்றத்துக்கும் சென்றார்கள்.

தோற்றால்

முதல் முறை போட்டியிடுபவர்களில் பெரும்பாலோர் தோற்கிறார்கள். பதவியில் இருப்பவரை வீழ்த்துவது மிகக் கடினம் என்பதால் வெற்றிடங்களையும் இடைத்தேர்தல்களையும் கவனித்துவாருங்கள். நீதன் சாண் 2017 பெப்ரவரி இடைத்தேர்தலில் வென்று ரொறன்ரோ நகரசபையின் முதல் தமிழ் உறுப்பினரானார். வட்டாரங்கள் குறைக்கப்பட்ட 2018 தேர்தலில் 154 வாக்குகளால் தோற்றார். 2022இல் கல்விச்சபைக்குத் திரும்பி, 2025 செப்டம்பரில் ஸ்காபரோ-ரூஜ் பார்க் இடைத்தேர்தலில் மீண்டும் நகரசபைக்கு வந்தார். பார்த்தி கந்தவேளும் 2023 நவம்பரில் ஸ்காபரோ தென்மேற்கில் இடைத்தேர்தல் வழியாகவே நுழைந்தார்.

தோற்ற மறுவாரம் உங்கள் ஆதரவாளர் பட்டியலைப் பத்திரப்படுத்துங்கள், ஒவ்வொரு தொண்டரையும் தனித்தனியாக அழைத்து நன்றி சொல்லுங்கள், பதாகைகளை மூன்று நாட்களுக்குள் அகற்றுங்கள். பிறகு கணக்காளரோடு உட்காருங்கள். வென்றாலும் தோற்றாலும் நிதி அறிக்கையை அடுத்த ஆண்டு மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குள் கொடுத்தாக வேண்டும். 10,000 டொலருக்கு மேல் திரட்டியிருந்தாலோ செலவழித்திருந்தாலோ தணிக்கையாளரின் அறிக்கையும் தேவை. நேரத்துக்குக் கொடுத்தால் மனுக்கட்டணமான 100 டொலர் திரும்பி வரும். தவறினால் 500 டொலர் தாமதக் கட்டணத்தோடு மேலும் 30 நாட்கள் அவகாசம். அதையும் தவறவிட்டால் அடுத்த பொதுத்தேர்தலில் நிற்க முடியாது.